வேலப்பனை எதிரியாக்கிய விவரம்

கரமனை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள அத்திம்பேருக்கு, ஸ்ரீனிவாசன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் விஜயமும் சௌக்கியம். அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்று எழுதவும். இனி என் கஷ்டம்.

ரிட்டயரான கையோடு நான் நாவல் எழுதியது தாங்கள் அறிந்ததே. பத்திரிகைகளெல்லாம் அதைத் திருப்பி அனுப்பியதும், நம் தேசத்தில் எழுத்தாளனாவது எப்படி என்று தெரிந்துகொள்ள எழுத்தாளர்களின் சுயசரிதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். வங்காளி, மராட்டி, மலையாளி, தமிழன், ஒருத்தர் பாக்கியில்லை. பாஷைதான் வேறே, கதை ஒன்றுதான்: எல்லாருக்கும் ஒரு ஆப்த நண்பன் இருந்தான், நாலாம் அத்தியாயத்தில் அவன் துரோகியானான், அதற்கப்புறம்தான் இவருக்குப் பேரும் புகழும். ஒரே சண்டையை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், இரண்டிலும் எழுதினவர்தான் உத்தமர். அப்போதுதான் என் குறை எனக்கு உறைத்தது. எனக்கு எதிரியே கிடையாது.

ஆக்கிக்கொள்ளலாமென்றால் இருப்பது ஒரே சிநேகிதர், சாலைக் கடைத்தெருவில் ஆணி, கீல் விற்கிற வேலப்பன். சாயங்கால நடையில் என் நாவல் முழுவதையும் வாய் திறக்காமல் கேட்ட ஒரே ஆத்மா. என்ன செய்ய, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, குடியிருப்போர் சங்க வாட்ஸப் குரூப்பில் அவரை இலக்கியத் துரோகி என்று அறிவித்தேன். மனுஷருக்குக் கோபம் வர வேண்டாமோ? கடையைச் சாத்திவிட்டு ஆட்டோ பிடித்து ஓடி வந்தார்.

"சாரே, பிரஷர் நோக்கியாச்சா?" என்று கேட்டார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விஜயம்தான் அவருக்குக் காப்பி கொடுத்து, "இவர் படிக்கற புஸ்தகம் அப்படி, நீங்க மனசுல வெச்சுக்காதீங்கோ" என்றாள். அதற்கப்புறம் அவர் நடக்க வருவதில்லை. தனியாக நடக்கிறேன், அத்திம்பேரே, சோறு இறங்கவில்லை. இரண்டாவது நாவலை யாரிடம் போய்ச் சொல்வேன்? தாங்கள் உடனே ரயிலேறி வந்து எங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். தம்பானூர் ஸ்டேஷனுக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

தங்கள்,
ஸ்ரீனிவாசன்

பி.கு: வர வேண்டாம். இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது பார்த்தால், வேலப்பன் தன் ஜீவித சரித்திரத்தை குரூப்பில் போட்டிருக்கிறான். ஆவலாகப் படித்தேன். துரோகமில்லை, சண்டையில்லை. என்னைப் பற்றி ஒரே வரி: "நடக்கப் போகும்போது கூட ஒரு சாரும் வருவார்." பேர்கூடப் போடவில்லை. ஜென்மத்துக்கும் இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன். என் சுயசரிதையின் நாலாம் அத்தியாயம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.