கொடுத்த கிட்னிக்குக் காவல்

போனை வைத்த மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸம்மா. போன வாரம் குடுத்த டெஸ்ட் சரியில்லையாம். பிரஷர் ஏறிக் கிடக்காம், உப்பு ஏகத்துக்கும் சேர்ந்திருக்காம். உடனே கூட்டிட்டு வரச் சொல்றாங்க. என்னத்தைங்க தின்னீங்க?"

கடிகாரக்காரரின் கையிலிருந்த இடுக்கி நழுவி விழுந்தது. மாற்றுக் கிட்னி வைத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மாத்திரை நேரம் தவறக் கூடாது என்று கடையில் இருக்கிற அத்தனை அலாரத்தையும் எட்டு மணிக்கே வைத்திருக்கிற மனிதர். காலையில் எட்டடித்தால் தெருவே தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கும். மறுபடியும் அந்த டயாலிசிஸ் கட்டிலா?

"நான் ஒண்ணும் தின்னலையே!"

"அண்ணனுக்குச் சொல்லிட்டேன். வந்துட்டிருக்காரு."

அதைக் கேட்டதும்தான் அவருக்கு உண்மையிலேயே பிரஷர் ஏறியது.

கிட்னியைக் கொடுத்தவரே அந்த மச்சான்தான். கொடுத்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து சமையலறை, கடை மேஜை, சட்டைப்பை என்று ஒன்று விடாமல் சோதனை போடுவார். சிப்ஸ், உப்புக் கடலை, எது அகப்பட்டாலும் பறிமுதல். குப்பையில் போட்டால் மாப்பிள்ளை பொறுக்கித் தின்றுவிடுவார் என்று தன்னோடே எடுத்துப் போய்விடுவார். போன வாரம் டெஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார். "வருஷம் ஒரு தடவை எனக்கும் பாக்கணுமாம். இரும்பு உடம்புக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்று சலித்துக்கொண்டே தானும் கையை நீட்டினார். போன் நம்பர் கேட்டபோது, நான் எங்கே எடுக்கப் போகிறேன் என்று தங்கை நம்பரையே சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது வாடகைக் காரோடு வந்து இறங்கினார்.

"பொண்ணையும் குடுத்தோம், கிட்னியையும் குடுத்தோம். ரெண்டையும் வச்சு வாழத் தெரியலையே மாப்ள!"

கார் கிளம்பியதும் விசாரணை ஆரம்பித்தது. சின்னதாக ஒன்றை ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று கடிகாரக்காரர் மனக்கணக்குப் போட்டார்.

"ஒரே ஒரு கடலை சாப்பிட்டேன்."

"கடலையா, பொட்டலமா?"

"பொட்டலம். ஆனா சின்னது."

மச்சான் திகைத்துப் போனார். "இருந்ததை எல்லாம் நான்தான் எடுத்துட்டுப் போனேனே! இது எங்க இருந்துச்சு?"

"ஓடாத சுவர்க் கடிகாரத்துக்குள்ள."

மனைவி நெஞ்சில் கை வைத்தாள். கடலையை மறக்கடிக்க வேறு ஏதாவது சின்னதாகச் சொல்லலாம் என்று தேடினார் அவர். அவசரத்தில் வாயில் வந்ததோ பெரியது.

"அப்புறம், ஒரு நாள் ராத்திரி மாத்திரை கொஞ்சம் லேட்டு. கூட்டாளி வீட்ல பேச்சு நீண்டு போச்சு."

"லேட்டா? நீங்க உள்ள வந்தப்ப நான் கடிகாரத்தைப் பாத்தேனே. டாண்ணு எட்டுதானே?"

"எட்டுதான். நீ அடுப்படியில இருந்து வெளிய வர்றதுக்குள்ள நான்தான் முள்ளைப் பின்னால தள்ளி வச்சேன்."

டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அட மனுஷா! மறுநாள் நான் பஸ்ஸை விட்டது, ஆபீஸ்ல வாங்கிக் கட்டிக்கிட்டது, எல்லாம் இதாலதானா? எனக்கு மூளை கலங்கிப் போச்சோன்னு பயந்து கிடந்தேனே!" என்று மனைவி கத்தினாள். கத்திக்கொண்டே அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் தன் இடுப்புத் தழும்பைத் தடவிக்கொண்டார். "இந்தக் கிட்னியை நினைச்சு நான் படுற கவலை யாருக்குத் தெரியும்? எதையாவது கொறிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

கடிகாரக்காரர் உடைந்தே போனார். "மன்னிச்சிடுங்க மச்சான். இனிமே தண்ணியைக்கூட நீங்களே அளந்து குடுங்க. கடைச் சாவியையும் வச்சுக்கோங்க."

சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் மச்சான் காரை விட்டு இறங்கினார். ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து நர்ஸம்மா முன்னால் தள்ளினார்.

"இந்தாங்க, குற்றவாளி. ஈவு இரக்கம் பாக்காம திட்டுங்க."

நர்ஸம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரை எதுக்கும்மா இழுத்துட்டு வந்தீங்க? இவரோட டெஸ்ட் தங்கமா இருக்கு. நான் கூட்டிட்டு வரச் சொன்னது கிட்னி குடுத்தவரை."