முழு விழிப்புடன் அளக்கப்பட்டது

ஒலி அளக்கும் அதிகாரி பதறியடித்து எழுந்து, கருவியில் அழிக்கும் பொத்தானைத் தேடினார்.

அந்தக் கறுப்புப் பெட்டி ஐம்பது நிமிடமாக ஒரு சத்தத்தை விடாமல் பதிவு செய்திருந்தது. காற்றாலைச் சத்தத்தை அல்ல; அவருடைய குறட்டையை. திரையில் கோடு மலைமலையாக ஏறி இறங்கியிருந்தது. நடுவில் ஒரு பள்ளம். புரண்டு படுத்த இடம்.

அழித்தார். தையல்காரரின் துணிக்கட்டில் தலைவைத்துத் தூங்கியதில், கன்னத்தில் ஒரு சட்டைப் பொத்தான் ஒட்டியிருந்தது.

"எந்திரிச்சிட்டீங்களா சார்? நல்ல தூக்கமா?" தையல்காரர் ஆவலோடு கேட்டார்.

"யாருய்யா தூங்கினா? கண்ணை மூடிக் கவனிச்சிட்டிருந்தேன்!"

தையல்காரர் முகம் வாடிவிட்டது. ஏன் வாடியது என்று யோசிக்க அதிகாரிக்கு நேரமில்லை.

அலுவலக மேசையில் தூங்கியதற்கு ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வேலை காலி. அப்புறம் வீட்டில் தூங்கலாமே என்றால், மனைவி விட்டால்தானே!

காலையில் கோப்பைக் கொடுக்கும்போது மேலதிகாரி மேடம் சொல்லியிருந்தார்: "நாலு மணிக்குள்ள ஒரு மணி நேரப் பதிவும் அறிக்கையும் வரணும். முழிச்சிருந்தா முழிச்சிருந்தேன்னு எழுதுங்க, தூங்கிட்டா தூங்கிட்டேன்னு எழுதுங்க. பொய் எழுதினா மட்டும் அன்னிக்கே மூணாவது மெமோ."

குத்திக்காட்டுகிறார் என்று அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டார். வண்டியில் வரும்போது ஊரார் மனுவின் முதல் வரியைப் படித்தார். 'காற்றாலைச் சத்தத்தால் எங்கள் பிழைப்பே கெடுகிறது.' மிச்சத்தைப் படிப்பானேன்? பதினெட்டு வருட சர்வீஸில் எல்லா மனுவும் ஒரே மனுதான்: தூங்க முடியவில்லை. கோப்பை வண்டியிலேயே போட்டுவிட்டு இறங்கினார். டிரைவர் ஊர் எல்லையைத் தாண்ட மறுத்து, கண்ணாடிகளை ஏற்றி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். ரொம்ப நாசூக்கான ஆள் என்று நினைத்துக்கொண்டு அதிகாரி நடந்தார்.

தெருவைப் பார்த்தாலே மனு உண்மை என்று தெரிந்தது. முடிதிருத்துபவர் ஒருவரைப் பாதி மழித்த முகத்தோடு உட்காரவைத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பேக்கரியிலிருந்து ரொட்டி கருகும் வாசனை. தபால்காரர் சைக்கிளைப் பிடித்தபடி, எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பதே மறந்தவர்போல நின்றிருந்தார். பாவம், எத்தனை நாள் தூக்கம் கெட்டதோ!

இப்போது கொஞ்சம் அடங்கியிருந்த காற்று மறுபடி எழுந்தது. குன்றின்மேல் மூன்று காற்றாலைகளும் சுழலத் தொடங்கின.

வூ...ம். ஓர் இடைவெளி. வூ...ம்.

யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய தொட்டிலை ஆட்டுவதுபோல. இறக்கைகளின் நிழல் வெயிலோடு வந்து, சுவர்களைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போயிற்று.

"இந்தத் தடவை நின்னுக்கிட்டே அளக்கப்போறேன்," என்றார் அதிகாரி. கசங்கிய கோட்டைக் கழற்றித் தையல்காரரிடம் கொடுத்தார். "இதைத் தேய்ச்சு வைங்க. நான் கண்ணை மூடினா தோளைத் தட்டுங்க."

"தட்ட எங்களால முடியுமான்னு தெரியலையே சார்," என்றாள் தையல்காரரின் மனைவி.

"தோளைத் தட்டுறதுல என்னம்மா கஷ்டம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கொட்டாவிதான் வந்தது.

வூ...ம்.

கடைக்குள் மெல்லத் தண்ணீர் ஏறியது. தையல் எந்திரங்கள் மீன்களாக நழுவிப்போயின. அதிகாரி ஒரு மேகத்தை அளந்துகொண்டிருந்தார். நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த மேடம், அக்குளில் தலையணையோடு, "இந்தப் பக்கம் வாங்க, இடம் இருக்கு," என்று பாசமாகக் கூப்பிட்டார்.

கருகல் நாற்றம் மூக்கைத் துளைக்க, விழித்தார். துணி மாட்டும் பொம்மையைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார். காற்று நின்றிருந்தது. தேய்க்கும் மேசையில் தையல்காரர் கவிழ்ந்திருந்தார். கோட்டின் முதுகில், இஸ்திரிப் பெட்டி அளவுக்கு அச்சாக ஓர் ஓட்டை. பதிவிலோ மூன்று குறட்டைகள், சுருதி பிசகாமல்.

"தட்டச் சொன்னா நீங்களும் சேர்ந்து தூங்குறீங்களே!"

"அதைத்தான் சார் நாங்களும்..."

"தெரியும்! ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, இப்ப அசந்துட்டீங்க."

"அது இல்ல சார், மனுவுல..."

"பேச நேரமில்ல!" பதிவை அழித்துவிட்டு, ஓட்டைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அவருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. நேராகக் காற்றாலையின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால்? காதைப் பிளக்கும் சத்தத்தில் எந்த மனிதன் தூங்குவான்?

குன்றேறினார். கருவியை முடுக்கினார். புல் மெத்தென்றிருந்தது. தலைக்கு மேலே வெள்ளை இறக்கை வானத்தைக் கடைந்துகொண்டிருந்தது. ஒன்று... இரண்டு... என்று எண்ணினால் தூக்கம் வராது என்று எண்ணத் தொடங்கினார். மூன்றைப் பார்த்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

விழித்தபோது தலைக்குக் கீழே தலையணை இருந்தது. மேலே போர்வை. இறக்கைகள் அசையாமல் நின்றன. சுற்றிலும் ஊரே நின்று புன்னகைத்தது. மணி மூன்றே முக்கால்.

"ஒரு மணி பத்து நிமிஷம் சார்!" கருவியைக் குழந்தைபோல ஏந்தியிருந்தார் தையல்காரர். "உங்க குறட்டை ஒண்ணு விடாம பதிவாயிருக்கு!"

மிரட்டுகிறார்கள் என்று புரிந்துகொண்டார் அதிகாரி. வெடுக்கென்று பிடுங்கினார். பொத்தானை அழுத்தினார். திரை வெறுமையாயிற்று.

"ஐயோ, அழிச்சிட்டாரே!" பாதி மழித்த முகத்துக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், நீங்க பண்ணினது நியாயமா?" என்றார் தபால்காரர்.

"எனக்குக் குடும்பம் இருக்குய்யா!"

ஓடிக்கொண்டே செல்போனில் அறிக்கையைத் தட்டினார். 'கருவி பழுதானதால் பதிவு இல்லை. ஆயினும் காலை முதல் மாலை வரை முழு விழிப்புடன் அளக்கப்பட்டது. கண்ணிமைகூட மூடவில்லை. ஊராரின் புகார் மிகைப்படுத்தல்.' மூன்று ஐம்பத்தெட்டுக்கு மேடத்துக்குப் பறந்தது.

வண்டியில் விழுந்தார். பாதி வழி வந்ததும் டிரைவர் காதுப் பஞ்சை எடுத்தார்.

"என்ன சார் எழுதினீங்க?"

"ஒரு நிமிஷம்கூடத் தூங்கலைன்னு எழுதினேன்." அதிகாரி நிம்மதியாகச் சாய்ந்தார். ஓட்டை வழியே முதுகில் சீட்டு உறுத்தியது.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். மடியிலிருந்த மனுவையும் அதிகாரியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பகல்ல யாராலயும் முழிச்சிருக்க முடியலங்கிறதுதானே சார் புகாரே! போன வாரம் அளக்க வந்த நம்ம மேடத்தையே, நான்தானே தூக்கம் கலையாம தூக்கிட்டு வந்து இந்த சீட்டுல படுக்க வச்சேன்!"