மோந்து பார்த்து வாங்கிய கார்

காரைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. ஓட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. மச்சினன் சொன்னான் என்று வாங்கிவிட்டு, பிறகு மச்சினனோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் போனவர்கள் எங்கள் போடியில் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆனால் உலகத்திலேயே காரை மோந்து பார்த்து வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தெரு மூக்கு மாமாதான்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் சாம்பிள் பார்ப்பது அவர் வேலை. ஏலம் தொடங்கும் முன்னால் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பிடி காய் கைக்கு வரும். மற்றவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், பருமனைப் பார்ப்பார்கள், ஒன்றை உரித்துக் கடித்துப் பார்ப்பார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு மூக்குக்குக் கொண்டுபோவார். காய் எந்தச் சரிவில் விளைந்தது, அதை உலர்த்துகிற சூட்டு அறையான ஸ்டோரில் எத்தனை விறகு கூடுதலாகப் போட்டார்கள், காவலுக்கு இருந்தவன் நடுவில் தூங்கிவிட்டானா என்பதுவரை சொல்லிவிடுவார். அதெல்லாம் சரிதானா என்று யாரும் சோதித்ததில்லை. அவ்வளவு உறுதியாகச் சொல்கிற மனிதரைச் சோதிக்க ஒரு தைரியம் வேண்டும்.

அந்தக் கார் பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் நின்றது. நாலு பேர் நெருக்கி உட்காரலாம். என்ஜினைப் பார்க்க எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப் செல்வம் அண்ணனை மாமா கூட்டிப்போனார். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. ஒரு விஷயம் ஏன் நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, அதனால் போனேன்.

மாமா பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. உள்ளே ஏறி, கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வாத்தியாருக்குப் பயம் வந்துவிட்டது.

"என்னப்பா பண்றாரு உள்ள? மூச்சுமுட்டிறப் போகுது."

வியர்வையில் குளித்து வெளியே வந்த மாமா, வாத்தியாரின் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "பின்சீட்டு, இடது ஓரம். கைப்புள்ளை பால் கக்கியிருக்கு. தொடைச்சிருக்கீக, ஆனா வெந்நி போட்டுத் தொடைக்கலை."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "அந்தப் புள்ளை இப்ப காலேஜு படிக்குதுங்க!"

இதற்குள் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த செல்வம் அண்ணன் கத்தினார். "மாமா, ஆயில் ஒழுகுது. செல்ப் மோட்டாரு முக்குது. கிளச்சு தேஞ்சுபோச்சு. கைப்பிரேக்கு சும்மா பேருக்கு இருக்கு. வேணாம்."

"அதெல்லாம் இரும்புடா. இரும்பை மாத்திக்கலாம். இது ஒண்ணுலதான் டீசல் வாடை இல்லை, பீடி வாடை இல்லை, சாக்கு வாடை இல்லை."

தேவாரத்திலிருந்து அந்தக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்துதான் கொண்டுவந்தோம். தள்ளியவர்களில் வாத்தியாரும் ஒருவர்.

வழியில் கேட்டேன். "எதுக்கு மாமா இவ்வளவு வாசம் பாக்குறீங்க?"

"உங்க அத்தை இதுல மலை ஏறணும்டா."

அத்தை மலைக்கு மேலே, பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவர். மலை ரோட்டில் வண்டி ஏறினால் அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். கல்யாணமாகி ஜீப்பில் இறங்கிய அன்றே மாப்பிள்ளையின் பட்டு வேட்டி பாழ். அம்மா செத்ததற்குப் போனபோது, போன இடத்தில் இவரும் கண் செருகிப் படுத்துக்கொள்ள, வந்தவர்களுக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து அழுவது என்று குழப்பமாகிவிட்டதாம். அதற்கப்புறம் அத்தை ஏறவே இல்லை. அவருடைய அக்காதான் வருஷத்துக்கு ஒருமுறை தங்கச்சியைப் பார்க்க இறங்கி வருவார். இப்போது அந்த அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. அவரால் இறங்க முடியாது, இவரால் ஏற முடியாது. போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். மலையில் சிக்னல் போனதும் அக்காவின் முகம் பாதிச் சிரிப்பில் நின்றுவிடும். நின்றுபோன அந்த முகத்தையே அத்தை பார்த்துக்கொண்டிருப்பார்.

"எல்லாம் வாடைதான் மாப்ளே" என்பது மாமாவின் முடிவு. "ஜீப்புல டீசல், பஸ்சுல பத்துப் பேரு வேர்வை. வாடையே இல்லாத வண்டியா இருந்தா அவ சும்மா ஏறிருவா."

ஆனால் எடுத்த எடுப்பில் அத்தையை ஏற்றிவிட முடியுமா? லாட்டு விலைபோகும் முன்னால் சாம்பிள் பார்க்க வேண்டாமா? சாம்பிளாக அகப்பட்டவன் நான்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அப்பா எல்லாரும் ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்பில் மலை ஏறியவர்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்பதற்கு அங்கே கணக்கு கிடையாது, ஜீப் நகர்கிறதா என்பதுதான் கணக்கு. பக்கத்து ஆளின் முழங்கை கன்னத்தில் குத்த, அப்படியே தூங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். மலையடிவாரத்து முந்தல் தாண்டி முதல் வளைவிலேயே வாந்தி எடுத்த முதல் ஆளும் நானே. "படிச்சதும் நீதான் மொத ஆளு, கக்குனதும் நீதான் மொத ஆளு" என்பாள் அம்மா. இதில் எதற்கு அவள் அதிகம் பெருமைப்படுகிறாள் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"மாப்ளே, நாளைக்குக் காலையில சோலி இருக்கா?"

"இல்லை மாமா."

"வெறும் வயித்தோட வந்துறாதே. நாலு இட்லி தின்னுட்டு வா. உள்ள சரக்கு இல்லாம டெஸ்ட்டு பாக்க முடியாது."

சரக்கோடு போனேன். மேலே ஏற ஏற மாமா ரோட்டைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம். "எப்படி இருக்கு? பரவால்லையா? இப்ப?" சில வளைவுகள்கூடத் தாண்டவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி ஓடினேன். கைப்பிரேக் நிற்காது என்பதால் மாமா முதலில் டயருக்குக் கல் வைத்தார். அப்புறம் நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து மோந்தார். அப்புறம்தான் என்னிடம் வந்தார்.

"வர்றதுக்கு முன்னாடி கடைசியா என்ன வாடை அடிச்சுச்சு? வெரசா சொல்லு, மறந்துரும்."

"இட்லி மாமா."

நானும் சும்மா இருக்கவில்லை. போனில் தேடிப் படித்தேன். உட்காதுக்குள் ஏதோ இருக்கிறதாம். உடம்பு ஆடுகிறது என்று காது சொல்ல, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று கண் சொல்ல, இரண்டு பேச்சையும் கேட்டு மூளை குழம்பிப்போகிறதாம். மாமாவிடம் ஒப்பித்தேன்.

"காதுக்கும் வயித்துக்கும் என்னடா சம்பந்தம்? காது ரெண்டும் கண்ணாடி மாட்டுறதுக்கு."

அதன்பின் காரில் ஒவ்வொரு சாமானாகக் குற்றவாளி ஆனது. ரப்பர் மேட் வாடை என்று தூக்கி எறிந்தார். மழையில் நனைந்த காலை வைத்து வைத்துத் தளம் துருப்பிடித்தது. சீட்டின் ரெக்சினைக் கிழித்துவிட்டு, பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசி உறை தைத்துப் போட்டார். ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைத் தண்ணீர் இனிப்பு வாடை அடிக்கிறது என்று அதை இறக்கிவிட்டு வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். அடுத்த ஏற்றத்தில் பானெட்டுக்கடியில் புட்டு அவிக்கிற மாதிரி ஆவி வந்தது.

செல்வம் அண்ணன் கேட்பார்: "என்ன மாமா கம்ப்ளெய்ன்ட்டு?"

"டேஷ்போர்டுக்குள்ள ஈரச்சாக்கு வாடை லேசா."

"கிளச்சு கருகி தெருவே நாறுதே, அது தெரியலையா?"

"அது கெடக்கட்டும்டா."

ஈரச்சாக்கு விஷயத்தில் மட்டும் மாமா சொன்னது பலித்தது. காற்று வரும் குழாய்க்குள் ஒரு எலி செத்துக் கிடந்தது. எலியை எடுத்தாயிற்று, வாடை போகவில்லை. வெயிலில் போட்டும் போகவில்லை. அப்போதுதான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊர்க்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது வந்திருக்காது.

குரங்கணிப் பக்கம் அவருடைய கூட்டாளி ஒருவருக்கு ஸ்டோர் உண்டு. சீசன் இல்லாததால் சும்மா கிடந்தது. ஈரக் காயின் பச்சை வாடையை எடுக்கிற சூடு எலி வாடையை எடுக்காதா? காய் பரப்புகிற தட்டுகளைக் கழற்றிவிட்டு, சைடு கண்ணாடிகளை மடக்கி, காரை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, அடுப்பை மூட்டச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

விஷயம் தெரிந்து செல்வம் அண்ணன் பைக்கில் பறந்தார். "யோவ், பெட்ரோல் டேங்கோட அடுப்புல வச்சிருக்காருய்யா!" என்று அவர் கத்திக்கொண்டு போனதைத் தெருவே கேட்டது. நல்லவேளை, தேவாரத்தில் வாங்கியதிலிருந்து அந்த டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்ததே இல்லை.

கார் பிழைத்தது. ஆனால் உட்கூரைத் துணியின் பசை உருகி, துணி முழுவதும் தொங்கிவிட்டது. உள்ளே உட்கார்ந்தால் இட்லித் துணிக்கடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எலி வாடை போயிருந்தது. பதிலுக்கு, ஸ்டோரில் பல வருஷமாக ஊறிக் கிடந்த ஏலக்காய் வாசம் மொத்தமும் சீட்டில் ஏறியிருந்தது. அதில் ஏறி இறங்கியவர்கள் பாயசம் குடித்ததுபோல் ஏப்பம் விட்டார்கள்.

"பரவால்ல, இது அவளுக்குப் பொறந்த வீட்டு வாசம். ஒருக்கா டெஸ்ட்டு பாத்துருவோம், வா" என்றார் மாமா.

ஆனால் தொங்குகிற துணி ஓட்டுகிறவர் கண்ணை மறைத்தது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். லைசென்ஸ் என்னிடம் இருந்தது. வேலைக்கு விண்ணப்பிக்க உதவும் என்று எடுத்திருந்தேன். ஆக நான் ஓட்ட, மாமா பக்கத்து சீட்டில் கூரையைத் தாங்கிப்பிடிக்க, மலை உச்சியிலிருக்கிற போடிமெட்டுவரை போய் டீ குடித்தோம். டீயைக் குடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. நான் வாந்தி எடுக்கவில்லை.

"பாத்தியா! ஸ்டோர்ல போட்டது வேலை செஞ்சுருச்சு!" மாமா டீக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் வெற்றியை அறிவித்தார். அத்தை அவரைக் கண்டுகொள்ளாமல் பீன்ஸ் நறுக்கியபடி என்னிடம் கேட்டார்.

"யாரு ஓட்டுனா தம்பி?"

"நான்தான் அத்தை."

"முன்னாடியெல்லாம்?"

"மாமா."

"அப்பல்லாம் கக்குனே?"

"ஆமா அத்தை."

கத்தி நின்றது. அத்தை பீன்ஸ் கூடையை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "டிரைவிங் ஸ்கூலு காலையில எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?" என்றார்.

நான் போனில் படித்ததையெல்லாம் ஒரு கூடை பீன்ஸுக்குள் அத்தை கண்டுபிடித்துவிட்டார். மாமாதான் உடைந்துபோனார். அவர் மூக்கை யாரும் இப்படித் தள்ளிவைத்ததில்லை. "வளையுற ரோட்டுல பொம்பளை ஓட்டிருவாளாக்கும்" என்று ஒரு தடவை முனகினார். "உக்காந்து கக்குறதுக்கு ஓட்டிப் பாக்குறேன்" என்றார் அத்தை. அதோடு சரி.

ஆனாலும் அத்தை தினமும் வகுப்பு முடிந்து படியேறும்போது மாமா வாசலில்தான் நிற்பார்.

"இன்னைக்கும் கிளச்சு மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கே."

"யாரு சொன்னது?"

"சேலை சொல்லுது. கருகல் அடிக்குது."

மறுநாள் அத்தை காலை எடுத்துவிட்டு ஓட்டினார்.

அத்தை லைசென்ஸ் வாங்கிய வாரம் மாமா காரைத் தானே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனார். தொங்குகிற துணியைப் பக்கத்தில் உட்கார்ந்து தாங்கிக்கொண்டு நானும் போனேன்.

"பிரேக்கு புதுசு போடு. கிளச்சு போடு. கைப்பிரேக்கு மலைச் சரிவுல நிக்கணும். டயரு நாலும் பாரு. இந்தத் தொங்குற துணியக் கிழிச்சு எறிஞ்சுரு."

செல்வம் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "ஏன் மாமா, வாடை?"

"அது என்னவும் அடிச்சிட்டுப் போகட்டும்டா. அவ ஓட்டப் போறா."

கிளம்பிய அன்று முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். மாமா கேட்கவில்லை. "நீ ஏறு மாப்ளே, பின்னாடின்னா உனக்கு ஆகாது" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டு, அவர் பின்னால் ஏறிக்கொண்டார். அத்தை முந்தானையை இடுப்பில் செருகி, கண்ணை ரோட்டில் நட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒருமுறை ஹாரன் அடித்து ஏற்றினார். மேலேயிருந்து இறங்கிய ஜீப்காரர் ஒருவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். அத்தைக்குக் குமட்டவில்லை, ஒரு சொட்டு எச்சில்கூட ஊறவில்லை.

பின்சீட்டில் சத்தமே இல்லை. பாதி மலையில் திரும்பிப் பார்த்தேன். ஊர் மலையெல்லாம் ஜீப்பில் ஏறி இறங்கிய மூக்கு மாமா பீன்ஸ் நிறத்தில் இருந்தார். வண்டி நின்றதும் பள்ளத்தைப் பார்த்து ஓடினார்.

"டிரைவர் சீட்டுலயும் ஜீப்பு முன்சீட்டுலயுமே உக்காந்து பழகுன மனுஷன்" என்றார் அத்தை, என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டி. "மூஞ்சியக் கழுவச் சொல்லு தம்பி. நேரமாகுது, அக்கா வாசல்லயே உக்காந்திருக்கும்."

அக்கா வாசலில்தான் இருந்தார், நாற்காலியில். டிரைவர் சீட்டிலிருந்து தங்கச்சி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "ஏ ஆத்தே!" என்றார். முழங்கால் போனதை மறந்து எழுந்துவிட்டார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர்கள்தான். எங்களுக்குச் சோறு போட வேண்டும் என்பதே அவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் நினைவு வந்தது.

மாமாவை முற்றத்துக் கட்டிலில் படுக்கவைத்திருந்தேன். எலுமிச்சம்பழம் கொடுத்தேன், மோந்து பார்க்க. வேண்டாம் என்று தள்ளினார். உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. அக்காவின் சிரிப்பு, முழுச் சிரிப்பு, நடுவில் எங்கும் நிற்காமல்.

"மாமா, மாத்திரை ஏதும் வேணுமா?"

"சும்மா இருடா. கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

சாயங்காலம் கிளம்பும்போது அவர் பின்கதவைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டு ஏறி, பிளாஸ்டிக் பையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினேன்.