பங்கு மாறிப்போனது பற்றி

சேசு மரி சூசை

குருவிநத்தம்,
1982 டிசம்பர், சம்பா கதிர் வாங்கும் சமயம்.

மதிப்பும் பிரியமும் நிறைந்த மாப்பிள்ளை சவரிராயன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் பாஸ்கல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே என் சம்சாரம் ரோசம்மாளும் சின்னவன் மரியசுந்தரமும் மாடு கன்றும் சுகமாக இருப்பதாகத் தூரத்திலிருந்து பார்க்கத் தெரிகிறது. என் சுகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுத்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் என் தங்கை அன்னாமேரியும் குழந்தைகளும் நோய் நொடி இல்லாமல் அவரவராகவே இருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது, இதற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள்தான். புதுச்சேரியில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ஏரித் தண்ணீர், ஆற்று மணல், மேய்ச்சல் தரை என்று ஊருக்கு ஊர் நடக்கும் சண்டைகளைத் தீர்த்துவைக்கத் சர்க்காரில் தலைமைப் பயிற்சி கொடுக்கிறார்கள், மச்சான் பெயரையும் சேர்த்துவிட்டேன், போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். எங்கள் சண்டை உங்களுக்குத் தெரியாததல்ல. ஏரி வாய்க்கால் முதலில் மேல்மடைக் கழனிகளில் பாய்ந்து, மிச்சம் மீதி இருந்தால் கடைமடைக்கு, அதாவது எங்களுக்கு வரும். மதகுச் சாவி மேல்மடை இருசப்பன் இடுப்பில் தொங்குகிறது. இந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது, மிச்சமும் இல்லை மீதியும் இல்லை. மூத்தவன் ஏற்கெனவே கழனி வேண்டாமென்று திருபுவனைப் பாக்டரிக்குப் போய்விட்டான். சின்னவன் வரப்பில் வைத்து என்னிடம் தனியாக, "இந்த வெள்ளாம வூடு வந்து சேந்தா இருக்கறேன்பா, கருகிப்போச்சுன்னா நானும் அண்ணங்கிட்ட போயிடுவேன்" என்று சொல்லியிருந்தான். இதை நான் ரோசம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு நனைப்புத் தண்ணீர் வந்தால் கதிர் பிழைக்கும், பிள்ளையும் தங்குவான். அந்த ஆசையில்தான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனேன், தலைவனாகும் ஆசையில் அல்ல.

பயிற்சி கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு கூடத்தில் நடந்தது. மெட்ராஸிலிருந்து நடேசன் என்று ஒரு சார் வந்திருந்தார். ஜிப்பா, சோடாபுட்டிக் கண்ணாடி, சுவர் முழுக்கப் பெரிய பெரிய காகிதம். மனிதர் நல்லவர், யாரையும் கை நீட்டிப் பேசமாட்டார், உள்ளங்கையை விரித்துத்தான் பேசுவார். எல்லாரும் கண்ணை மூடி உங்களை ஓர் ஆறாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் ஊர் பக்கிரி ஆறாக நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டான், குறட்டை கடல் வரைக்கும் ஓடியது. சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம்தான் என்னையும், மேல்மடை சார்பில் வந்திருந்த இருசப்பனையும் நடுவில் கூப்பிட்டு எதிரெதிர் நாற்காலியில் உட்காரவைத்து, "இப்போது உங்கள் பங்கை மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்.

பங்கு என்றால் நமக்கு என்ன, மாப்பிள்ளை? கோயில் பங்கு, பங்குச் சாமியார். இருசப்பன் நம் பங்கில் சேர்ந்தால் சாமியார் சந்தோஷப்படுவார், சரி, நான் எந்தக் கோயிலில் போய் நிற்பது என்று விழித்துக்கொண்டிருந்தேன். இருசப்பனுக்குப் பங்கு என்றால் தண்ணீர்ப் பங்கு, வேறு அர்த்தமே கிடையாது. அவன் முகம் இருண்டுபோயிற்று. "சர்க்காரே சொல்லசொல்ல மாட்டேன்னா நல்லாவா இருக்கும்" என்று எழுந்து, மேசையிலிருந்த டம்ளரை எடுத்து, என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, "எம்பங்கு உனக்குபா, பாஸ்கலு" என்று தண்ணீரைத் தாரை வார்த்துவிட்டான். என்னையும் வார்க்கச் சொன்னான். சபை நடுவில் மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று நானும் வார்த்தேன். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கல்யாணத்தில் பெண்ணைக்கூட அப்படித்தான் கொடுக்கிறார்கள், கொடுத்தால் கொடுத்ததுதான். நாடகத்தில் நாம் வேஷம் என்று சொல்வதைத்தான் நடேசன் சார் பங்கு என்று சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. வேஷம் என்றே சொல்லித் தொலைத்திருந்தால் சாயங்காலம் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

நாற்காலி மாறி உட்கார்ந்தோம். "இருசப்பனாகப் பேசுங்கள்" என்றார் என்னிடம். ஏதாவது கிண்டலாகப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். "இன்னாய்யா சொம்மா சொம்மா தண்ணி தண்ணின்றீங்க, எங்கழனி வெடிச்சிக் கெடக்குது, அது யார் கண்ணுக்கும் தெரியலியா" என்று ஒரு குரல் வந்தது. கட்டைக் குரல், புகையிலைக் குரல். நான் புகையிலை போடுகிறவனா மாப்பிள்ளை? எதிரே இருசப்பன் எழுந்து நின்றான். நம் கோயில் வாசற்படியை மிதித்திராதவன் நெற்றி, மார்பு, தோள் என்று பிசகாமல் சிலுவை போட்டுக்கொண்டு, "எங்க சின்னவன் வரப்புல வெச்சி சொல்லிட்டான் சார், இந்த வெள்ளாமயும் போச்சுன்னா அவனும் போயிடுவான், எங்க வூட்டுக்காரிகிட்டகூட நான் சொல்லல" என்று அழுதான். அந்தச் சேதி என்னையும் சின்னவனையும் தவிர யாருக்கும் தெரியாது. நடேசன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாற்காலிகளைத் திரும்ப மாற்றுவதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. சாம்பார் ஆறிவிடும் என்று எல்லாரும் பந்திக்கு எழுந்துவிட்டோம். யாரும் எங்களை மாற்றி உட்காரவைக்கவில்லை.

பொழுதிருக்கும்போதே ஊர் திரும்பினேன். சோறு போட்டு வளர்த்த நாய் என்னைக் கண்டு குரைக்கிறது. உள்ளேயிருந்து ரோசம்மாள், "அவரு வூட்ல இல்லீங்க, பயிற்சிக்குப் போயிருக்காரு, இன்னா சேதி?" என்கிறாள். அடியே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், எனக்குப் பின்னாலேயே இருசப்பன் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். நாய் அவன் காலை நக்கிற்று. ரோசம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தெருவில் நின்றுகொண்டு என் வீட்டையே நான் எவ்வளவு நேரம் பார்ப்பது? இருசப்பன் சம்சாரம் செங்கமலம் தேடிக்கொண்டு வந்து, "இன்னாய்யா கண்டவங்க வூட்டாண்ட நிக்கிற, சாவிய வேற வுட்டுட்டுப் போயிட்ட" என்று மதகுச் சாவியை என் கையில் கொடுத்து அழைத்துப்போய்விட்டாள். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது, கருவாட்டுக் குழம்பு பிரமாதம். படுக்கை மட்டும் மாட்டுக் கொட்டகையில் போட்டுக்கொண்டேன், அந்த அளவில் என் மானம் பத்திரம். இருசப்பனும் என் வீட்டில் வைக்கோல் போர் ஓரமாகத்தான் படுக்கிறானாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன். முகம் வழிக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். நான்தான் இருக்கிறேன், அதே மூக்கு, அதே மரு. ஊரில் கண்ணாடி ஒன்றுக்குத்தான் என்னைத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் சரியாகிவிடும் என்று போனேன். ஆண்கள் பக்கத்தில், சின்னவனுக்கு அருகில், என் இடத்தில் இருசப்பன் முழங்காலிட்டு, பூசைக்கு முந்திய செபத்தில் விசுவாச மந்திரத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு இரண்டாம் வரிக்கு மேல் வரவில்லை. சாமியார் என்னை வாசலிலேயே பார்த்துவிட்டு, "வாப்பா இருசப்பா, தண்ணித் தகராறா? பூசை முடியட்டும், வெளியில இரு, பேசலாம்" என்றார். பூசை முடிந்து ரோசம்மாள் வந்தாள். அந்நிய ஆண்களைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாளே, அப்படி இழுத்துவிட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அங்கேதான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேராகக் கரிக்கலாம்பாக்கம் ஓடினேன். நடேசன் சார் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "வாங்க இருசப்பன்" என்றார். "சார், நான் பாஸ்கல்" என்றேன். அவர் அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார். "இத்தனை வருஷத்தில் எதிராளியின் நிலையில் இவ்வளவு ஆழமாக நின்ற ஒருவரை நான் பார்த்ததில்லை. இன்னும் வெளியே வரவில்லை பாருங்கள். இதுதான் சார் தலைமை" என்றார். நான் பாஸ்கல், பாஸ்கல் என்று சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தோஷம் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் இருசப்பன் பெயருக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதி என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இருசப்பனையே பிடித்துக் கேட்டுவிடுவோம் என்று உச்சி வெயிலில் வாய்க்காலுக்குப் போனேன். என் கழனியில் நின்று ஒரு கதிரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "இருசப்பா, போதும்டா, மாத்திக்கலாம் வா" என்றேன். "தாரை வாத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களாயா?" என்றான். பிறகு, "ஆனா ஒண்ணு, தண்ணிய வுடு. இங்க வந்து நின்னாத்தான் தெரியுது வாய்க்கா எம்மாம் நீளம்னு. வுட மாட்டேன்னு உங்கிட்ட எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன், அத நெனச்சா எனக்கே வயிறு எரியுது. அந்தப் புள்ள துணியெல்லாம் மடிச்சி வெச்சிட்டான்பா" என்றான். அவன் சொன்னது என் பிள்ளையைப் பற்றி.

சாவி என்னிடம்தானே இருக்கிறது, இப்போதே திறக்கிறேன் என்று மதகுக்கு ஓடினேன். சாவியைப் போட்டுவிட்டு ஒரு தரம் மேல்மடையைத் திரும்பிப் பார்த்தேன். கழனியெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஐயோ, நம்ம கழனி இப்படிக் கிடக்கிறதே என்று தோன்றியது. நம்ம என்று தோன்றியது மாப்பிள்ளை. கை சாவியைத் திருப்ப மாட்டேன் என்கிறது. என் கைக்கு நான் சொல்லியும் கேட்கவில்லை. பயந்துபோய்ச் சாவியை உருவிக்கொண்டு கொட்டகைக்கு வந்து, கையெழுத்து இன்னும் என்னுடையதாக இருக்கும்போதே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீங்கள் எப்படியாவது நடேசன் சாரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து எங்களைப் பழைய நாற்காலியில் உட்காரவையுங்கள். அதற்குமுன் நாளைக் காலை, கை கேட்டாலும் கேட்காவிட்டாலும், மதகைத் திறந்துவிடுவேன். இது மாதா மேல் சத்தியம்.

தங்கைக்கு என் ஆசீர். குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் தாயாருக்கு என் 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' சொல்லவும். உங்கள் எல்லாரையும் உங்கள் காவல் தூதரான சம்மனசு அவரவர் உடம்பிலேயே வைத்துக் காப்பாராக.

உங்கள் மச்சான்,
பாஸ்கல்

பின்குறிப்பு: ஒட்டுவதற்குமுன் காலையில் இதைப் படித்துப் பார்த்தேன். யாரோ கடைமடைக்காரன் எழுதியது போலிருக்கிறது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை, விலாசம் எழுதியிருப்பதால் தபாலில் சேர்க்கிறேன். நீங்கள் வரவேண்டாம், மெட்ராஸ் சாரையும் அழைத்து வரவேண்டாம். மதகைத் திறப்பதாக மேலே எழுதியிருப்பது தப்பு, திறக்கவில்லை. மேல்மடை நனையாமல் கீழே தண்ணீர் விடுகிற வழக்கம் எங்கள் தகப்பனார் காலத்திலும் கிடையாது. அந்த பாஸ்கல் விடிந்ததும் வந்து வாய்க்காலில் நின்று கெஞ்சிவிட்டுப் போனான். கதிரெல்லாம் பதராகிவிட்டதாம், அவன் சின்ன மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருபுவனைக்கு பஸ் ஏறிவிட்டானாம். கடைமடைக்காரர்கள் வருஷா வருஷம் சொல்லுகிற கதைதான். ஊரான் பிள்ளை பஸ் ஏறியதற்கு நான் எதற்காக ரோடு வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன் என்பதுதான் விளங்கவில்லை.

இப்படிக்கு,
இருசப்பன், மேல்மடை