மசக்கை மாத்திரை

ராஜபாளையம்,
12.3.1989

அன்புள்ள தங்கை அய்யம்மாளுக்கு,

அக்கா வெள்ளத்தாய் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் எனக்கு ரத்தப் புற்று என்று மதுரை டாக்டர் சொன்ன பிறகு அந்த வரியை எழுதக் கை கூசுகிறது. நீங்கள் அங்கு சுகமா?

பெற்ற மகளிடம் மறைப்பதா, கோமதியிடம் சொல்லியே தீருவேன், நேரில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. அவளுக்குக் கடைசி வருஷப் பரீட்சைக்கு முப்பது நாள்தான் இருக்கிறது. தெரிந்தால் திருநெல்வேலி விடுதியைக் காலி செய்துகொண்டு வந்து என் கட்டிலடியில் உட்கார்ந்துவிடுவாள்.

மாத்திரை தொடங்கி மூன்று வாரம். வருஷக்கணக்கில் விழுங்க வேண்டுமாம், முதலில் மட்டும் கொஞ்சம் படுத்துமாம். டாக்டரின் கொஞ்சம் என்பது காலையில் எழுந்ததும் குமட்டல், தாளிக்கிற வாசனைக்குக் கொல்லைப்புறம் ஓட்டம், உட்கார்ந்த இடத்தில் தூக்கம். போதாததற்கு மண்ணீரல் வீங்கி வயிறு மேடிட்டிருக்கிறது. இவ்வளவையும் பக்கத்து வீட்டு அப்ரோஸ் பேகம் சுவருக்கு மேலே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறைக்காதீக டீச்சர். நாலு பெத்தவ எனக்குத் தெரியாதா? அல்லா குடுக்கையில வயசா பாப்பான்?" என்றாள். நாற்பத்தொன்பது வயதில், வேதியியல் எம்.எஸ்ஸி. படித்தவள், மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். வாந்தி வந்தது. அதோடு தெருவுக்கே உறுதியாகிவிட்டது.

"வெறும் வயித்தோட கட்டில விட்டு எறங்காதீக. தலமாட்டுல பொரிகடல வச்சு நாலு கடிச்சுட்டு, செத்த நேரங்கழிச்சு எந்திரிங்க" என்று சொல்லிப் போனாள். அவள் சொன்னது தவறு என்று காட்டுவதற்காகத்தான் தின்று பார்த்தேன். குமட்டல் பாதியாகக் குறைந்துவிட்டது. அப்புறம் புளிச்சோறு வந்தது, நாரத்தங்காய் வந்தது, எல்லாம் உள்ளேயே தங்கின. எனக்கு வாசனை ஆகாது என்று கறி வதக்குகிற அடுப்பையே அவள் தன் வீட்டுப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் ஆளுக்கு அரை டஜன் ஆரஞ்சோடு வந்து அழுதிருப்பார்கள், நான் அல்லவா சமாதானம் செய்திருக்க வேண்டும்?

உன் அத்தான் பாடுதான் கஷ்டம். டீக்கடையில் சின்னக்கருப்பன், "என்ன ஏட்டையா, ரிட்டயர்டு ஆனவுக மறுபடி டூட்டியில சேந்துட்டீகளாமே?" என்று கேட்டிருக்கிறான். வந்து, "வெளிய தலகாட்ட ஏலல புள்ள" என்று புலம்பினார். மறுநாள் மீசைக்கு மை தடவிக்கொண்டு முன்னைவிட அதிக நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரே சிக்கல், மருந்து வேலை செய்தால் வயிறு வற்றும். வற்றினால் அப்ரோஸ் பேகம் பதறிப்போவாள். பரீட்சை முடியும்வரை அது மெதுவாக வற்றட்டும். நீ மட்டும் வாயைத் திறக்காதே.

உன் பிள்ளைகள் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும். உன் மாமியாருக்கு என் வணக்கத்தை மட்டும் சொல், நோயைச் சொல்லாதே.

இப்படிக்கு,
பொய் சொல்லிப் பழகாத அக்கா,
வெள்ளத்தாய்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். கோமதி மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். "தம்பி வாரான், அம்மாவ ஏசாத" என்று அப்ரோஸ் பேகம் அவளுக்குக் கார்டு போட்டிருக்கிறாள். "ஊரே சிரிக்குதும்மா" என்று கால் மணி நேரம் ஏசினாள். பிறகு மேசைமேல் கிடந்த மதுரை டாக்டர் சீட்டைப் படித்தாள். என் தலைமாட்டுப் பொரிகடலையை எடுத்துப் பாதியைத் தின்றாள். "பரீட்சைய எழுதிட்டு வாரேன். அதுவரைக்கும் நீ பிள்ளத்தாச்சியாவே இரு. வாரவுக சிரிச்சிக்கிட்டாவது வருவாக" என்று சொல்லிவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஆகவே நீ வா. எனக்கு வளையல் அடுக்க அப்ரோஸ் பேகம் நாள் பார்த்துவிட்டாள். வரும்போது கண்ணாடி வளையல் வாங்கி வா. பழைய இரண்டரை அளவு வேண்டாம், கழன்று விழுகிறது. இரண்டே கால் போதும்.