பூனைக்கு வாங்கிய மாத்திரையும் என் வாயும்

வாய் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். "எனக்குத் தெரியலை, கொஞ்சம் வந்து பாருங்க" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்ல நாக்கு எழாது. அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவோம். நான் அந்த ரகம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, பேச்சு அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் ஒரு பூனையிடம் தோற்றுப்போய் மாடி முழுக்கப் பார்க்க வாயைத் திறந்துகொண்டு நின்றேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

செய்யூர்ப் பக்கத்தில் இருந்த என்னை, மகள் மலர் படூருக்கு அழைத்து வந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை. மலர் காலையில் ஆபீஸ் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். மூன்றாவது மாடியில் நானும் பொரியும் மட்டும். பொரி எங்கள் வீட்டுப் பூனை. வெள்ளையாக, ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி வந்தது, அதனால் அந்தப் பெயர். (இப்போது அது பொரி இல்லை, பொரி உருண்டை.) நாள் முழுக்க நான் பேசுவது அதனிடம்தான். எதிர்த்துப் பேசாது, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றும் கேட்காது.

அந்த வீட்டில் பொரி இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டுக்காரர் வசந்தா டீச்சர் எதிர் வீட்டில்தான் இருக்கிறார். தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். நாங்கள் குடிவந்த அன்றைக்கே வாசலில் நின்று மலரிடம் சொல்லிவிட்டார்: "பூனை இருக்கட்டும். ஆனா வாசப்படியத் தாண்டி வரக்கூடாது. ஒரே ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் அடுத்த நாள் பூனை இங்க இருக்காது." மலருக்குச் சொன்னதுதான். ஆனாலும் நான்தான் எழுந்து நின்று தலையாட்டினேன்.

ஒரு புதன்கிழமை காலை, மலரின் கட்டிலில் நாலைந்து அரிசி கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. களத்துமேட்டில் வேலை பார்த்த கை இது. கீழே விழுந்த அரிசியை மிதிக்க விடாது. படுக்கையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாளே என்று மலரை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து, சமையல்கட்டு வரைக்கும் நடந்தேன். அரிசி டப்பாவைத் திறக்கப் போகும்போது உள்ளங்கையில் ஓர் அரிசி நெளிந்தது.

அன்றைக்கு நான் கையை எத்தனை முறை கழுவினேன் என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் சோற்றுத் தட்டை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன்.

மலர் பொரியைக் கூடையில் வைத்துக் கேளம்பாக்கத்து மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். (நாய், பூனைதான் பார்க்கிறார். எங்கள் ஊர் வழக்கத்தில் அவரும் மாட்டு டாக்டர்தான்.) அது நாடாப்புழுவாம். அரிசி மாதிரி உதிர்வது அதனுடைய துண்டாம். வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கும் தெள்ளுப்பூச்சியால் வரும், பல்லியைத் தின்றாலும் வரும் என்றாராம். காலண்டருக்குப் பின்னால் இருந்த பல்லி போன மாதம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். 

ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். இப்போது பாதி, இரண்டு வாரம் கழித்து மீதிப் பாதி. "பொடி பண்ணக் கூடாதாம்மா, பயங்கரமா கசக்குமாம். அப்படியே நாக்குக்குப் பின்னாடி வச்சு வாயை மூடி, தொண்டையைத் தடவணுமாம். நீ கை வைக்காத. ஞாயித்துக்கிழமை நானே குடுக்கறேன்" என்றாள் மலர்.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கலாம்தான். ஆனால் குளியலறையில் தண்ணீர் கசிகிறது என்று பார்க்க, சனிக்கிழமை டீச்சர் வருவதாக இருந்தது. டீச்சர் வந்து சோபாவில் உட்கார, பக்கத்தில் ஓர் அரிசி நெளிய, அதைப் பார்த்துவிட்டால்? அதோடு பொரி போய்விடும். பொரி போனால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? வெள்ளிக்கிழமை காலை, மலர் கிளம்பியதும் முந்தானையைச் செருகினேன்.

முதலில் அவித்த மீன் துண்டுக்குள் பாதி மாத்திரையைச் செருகி வைத்தேன். பொரி மீனைத் தின்றது. மாத்திரையை நக்கிச் சுத்தம் செய்து, தட்டின் நடுவில் வைத்துவிட்டுப் போனது. இரண்டாவது தடவை முள்ளை எடுத்துப் பிசைந்து, உருட்டி வைத்தேன். மறுபடியும் மீன் போனது, மாத்திரை இருந்தது. மூன்றாவது தடவை மீன் தீர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை வந்தாள். புதுப்பட்டினத்திலிருந்து ஸ்கூட்டியில் மீன் கொண்டு வருகிறவள். அந்தக் கட்டடத்தில் நான் நாலு வார்த்தை பேசுகிற ஒரே மனுஷி. மீன் கூடையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டாள்.

"இன்னாக்கா, பூனைக்குப் போய் மாத்திரயா? எங்க வூட்ல நாலு கீது. ஒன்னு கூட டாக்டரப் பாத்ததில்ல."

"உன் வூட்டுப் பூனைக்கு ஹவுஸ் ஓனர் நீ. எனக்கு டீச்சரு."

"அதுவும் சரிதான். இப்ப இன்னா பண்ணணும், சொல்லு. நான் புட்சிக்கிறேன்."

கைக்குழந்தைக்கு மருந்து புகட்ட எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, துணி சுற்றிய குழந்தையைக் கால்மேல் மல்லாக்கப் போட்டு, பாலாடையால் மருந்தை ஊற்றி, முகத்தில் 'பூ' என்று ஓர் ஊது ஊதினால் அது தானாக விழுங்கிவிடும். என் மூன்று பிள்ளைகளுக்கும் வேப்பங்கொழுந்துச் சாறு அப்படித்தான் உள்ளே போனது. தெருவில் யார் வீட்டுக் குழந்தை மருந்துக்கு அழுதாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேசாமல் செய்கிற வேலை என்பதால் நானும் ஆசையாகப் போவேன். ஒரு குழந்தைகூட என்னிடம் தப்பியதில்லை. பூனை வெறும் நாலரைக் கிலோ. கசப்பாவது ஒன்றாவது, நாக்கைத் தாண்டி ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பாதி மாத்திரையைப் பொடி பண்ணித் தண்ணீரில் கரைத்துப் பாலாடையில் எடுத்துக்கொண்டேன்.

பொரியைப் பழைய புடவைத் துண்டில் சுற்றிக் காலில் போட்டதும் அது அசையவில்லை. பெரியவர்கள் ஏதோ சாங்கியம் செய்கிறார்கள் போல என்று பார்த்துக்கொண்டிருந்தது. அஞ்சலை தலையைப் பிடித்தாள். அவள் கையில் மீன் வாசனை, பொரி வாயைத் திறந்தது. ஊற்றினேன். முகத்தில் 'பூ' என்று ஊதினேன்.

குழந்தை விழுங்கும். பூனை தும்மும். இது எனக்கு அதுவரை தெரியாது.

மருந்தில் பாதி சுவருக்குப் போனது, கொஞ்சம் அஞ்சலையின் முகத்துக்குப் போனது. பொரியின் வாயில் தங்கிய துளியூண்டு மருந்து நுரைக்கத் தொடங்கியது. சோப்பு நுரை மாதிரி, கொத்துக் கொத்தாக.

"யக்கா, இன்னாக்கா, நொர கக்குது" என்று அஞ்சலை கையை எடுத்தாள். அடுத்த நொடி என் காலில் நாலு கோடு, பொரி கதவு வழியாக வெளியே. (கூடை வெளியே இருக்கிறதே என்று அஞ்சலை கதவைச் சாத்தாமல் வந்திருந்தாள்.)

நான் ஓடிப் பார்த்தபோது வசந்தா டீச்சர் கூடைக்கு முன்னால் குனிந்து சங்கரா மீன் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில், கழுத்தில் புடவைத் துண்டு மாலையாகத் தொங்க, வாயில் நுரை வழிய, பொரி. டீச்சர் கையில் மீனோடு மெதுவாக நிமிர்ந்தார். பொரி வராந்தாக் கோடிக்குப் பாய்ந்து, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் போய்ச் சீறியது.

பக்கத்து வீட்டு ஐ.டி.க்காரர் காதில் மாட்டியதோடு எட்டிப் பார்த்தார். "ஆன்ட்டி, அது ரேபிஸ் மாதிரி இருக்கு. கிட்ட போகாதீங்க" என்றார். அவ்வளவுதான், வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டன. யாரோ போன் பண்ணி, வாட்ச்மேன் தடியும் சாக்குமாக மேலே வந்துவிட்டார்.

"கன்னியம்மா" என்றார் டீச்சர். "வெளிய வரக்கூடாதுன்னு சொன்னேனா, இல்லையா?"

தலையாட்டினேன்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

 எனக்காக அஞ்சலை பேசினாள். அவள் பேசாமல் இருந்திருக்கலாம். "நல்லாத்தான் கீது டீச்சர். உள்ள புழு கீது, அவ்ளோதான்."

டீச்சர் கையிலிருந்த சங்கராவைக் கூடையில் போட்டார். "வாட்ச்மேன், சாக்குல புடிச்சு வெளிய கொண்டு போய் விட்டுட்டு வாப்பா."

வாட்ச்மேன் சாக்கை விரித்துக்கொண்டு நடந்தார்.

"தொடாத" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று நானும் திரும்பிப் பார்த்தேன். என் குரல்தான். ஐ.டி.க்காரர் காதில் மாட்டியதைக் கழற்றினார். "வெறியெல்லாம் இல்ல. மருந்து கசப்பு. அதான் நொர" என்றேன்.

"மருந்துக்கு இப்படி நுரை வருமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டீச்சர்.

அதை வாயால் விளக்க எனக்குத் தெரியவில்லை. கையில் பாலாடை இருந்தது, அதன் அடியில் கொஞ்சம் மருந்தும் இருந்தது. டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்து என் வாயில் ஊற்றிக்கொண்டேன்.

கசப்பு என்றால் என்ன கசப்பு. வேப்பங்கொழுந்தை இதற்குப் பக்கத்தில் வைத்தால் அதிரசம் என்று சொல்லிவிடலாம். நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொண்டது. ஊற்று உடைந்த மாதிரி எச்சில் பொங்கியது. விழுங்க முடியவில்லை. டீச்சர் வீட்டு வாசலில் துப்பவும் முடியவில்லை. வாயைத் திறந்தபடி நிற்க, கடைவாயில் வெள்ளையாக வழிந்தது.

"பாட்டிக்கும் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு ஐ.டி.க்காரர் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். வாட்ச்மேன் சாக்கை வைத்துக்கொண்டு பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதை முதலில் பிடிப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

டீச்சர் மட்டும் நகரவில்லை. என் வாயை உற்றுப் பார்த்தார். பிறகு, மீன் போட வைத்திருந்த பையை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"துப்பும்மா. எங்க ஸ்கூல்ல புழு மாத்திரைய முழுங்காம சப்பிக்கிட்டு நிக்கிற பசங்க இப்படித்தான் வழியவிடுவாங்க. நீ சாக்கை எடுத்துக்கிட்டுக் கீழ போப்பா."

வாட்ச்மேன் போனார். டீச்சரே மலருக்குப் போன் போட்டு, மாத்திரையால் வந்த கூத்தைச் சொல்லத் தொடங்கினார்.

"ஆன்ட்டி, பொரி சாப்டுச்சா?" என்றாள் மலர்.

"உங்கம்மா சாப்டாங்க" என்றார் டீச்சர்.

"ஐயோ" என்றாள் மலர். பிறகு டாக்டர் நம்பரைக் கொடுத்தாள். ஒவ்வொருத்தர் உள்ளேயும் எவ்வளவு போயிருக்கும் என்று டாக்டர் கேட்டார். சுவரில் பாதி, அஞ்சலை முகத்தில் கொஞ்சம், என் வாயில் மீதி, பூனை நாக்கில் பட்டதோடு சரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தக் கட்டடத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நுரையால் ஒன்றும் ஆகாது, மீதிப் பாதி மாத்திரையை இப்போதே, பொடி பண்ணாமல் அப்படியே கொடுங்கள், அந்த அம்மா நிறையத் தண்ணீர் குடிக்கட்டும் என்றார் டாக்டர்.

அஞ்சலை விரலை நீட்ட, மீன் வாசனைக்குப் பொரி வெளியே வந்தது. டீச்சர் அதைக் கக்கத்தில் இடுக்கி, தாடையைத் தூக்கி, மாத்திரையை நாக்குக்குப் பின்னால் வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவினார். மூன்று நொடி. நான் ஒரு காலை முழுக்கச் செய்த வேலை.

"ஆ காட்டு" என்றார்.

பொரி காட்டவில்லை. நான் காட்டினேன்.

அப்போதுதான் டீச்சர் சிரித்தார். சிரித்ததில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. பூனை இருக்குமா, போகுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். "கம்ப்ளைண்ட் பண்ண வேண்டியது நான். நானே மாத்திரையக் குடுத்துட்டு, யார்கிட்டப் போய்ப் பண்றது? இனிமே குடுக்கிறப்ப என்னைக் கூப்பிடணும். தெரியுதா?"

"கூப்பிடறேன் டீச்சர்" என்றேன். தலையாட்டாமல், வாயால் சொன்னேன்.

புழுவெல்லாம் போய்விட்டது. வீட்டில் ஒரு தெள்ளுப்பூச்சி இல்லை, பல்லிகளும் வாடகை கொடுக்கிற மாதிரி நிம்மதியாக இருக்கின்றன. மாத்திரை நாள் வந்தால் எதிர் வீட்டுக் கதவைத் தட்டி "டீச்சர், வர்றீங்களா" என்று கூப்பிடுகிறேன். பொரிக்குக் கொடுத்து முடித்ததும் டீச்சர் என் பக்கம் திரும்பி "ஆ காட்டு" என்பார். காட்டினால்தான் காபி குடிப்பார். லிப்டில் ஐ.டி.க்காரர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டு, "பாட்டி, இந்தத் தடவை போட்டாச்சா?" என்று விசாரிக்கிறார்.

போன தடவை டாக்டர் பொரியை எடை போட்டார். முடித்துவிட்டு, "அம்மா, நீங்களும் ஒரு தடவை ஏறிடுங்க. அளவு பாக்கணும்" என்றார். மலர் பக்கத்தில் நின்று சிரித்தாள். கூச்சப்பட்டு வெளியே போவேன் என்று இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள். நான் பக்கத்தில் இருந்த பெரிய தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். அவர் அதையும் அட்டையில் எழுதிவிட்டார். பொரி, நாலரைக் கிலோ. கன்னியம்மா, ஐம்பத்து மூன்று கிலோ. இருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

மலர் அந்த அட்டையை பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். படித்த பிறகு, நான் கொடுக்கிற தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசிக்கிறார்கள்.