ஏழாவது அத்தியாயத்துப் பேய்

பேய்க்கதை எழுதுகிறவர்கள் இருக்கிற எந்த ஊரிலும் எங்கள் பேயண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் ஸ்டோர் கீப்பர். நான் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. ரிட்டையர் ஆவதற்குள் ஒரு பேய் நாவலைச் சொந்தமாகவே போட்டு, அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. எழுதுவது அவர், டைப் அடித்து அச்சுக்குத் தயார் செய்வது நான் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

"காதல் கதை எழுதலாமுங்களேண்ணா?"

"எனக்கு நல்லாத் தெரிஞ்சது பயம் ஒண்ணுதான் அம்மணி."

ஆறு அத்தியாயம் மளமளவென்று வந்தது. ஏழாவதில் பேய் வர வேண்டும். அங்கே நின்றவர் இரண்டு வருஷம் நகரவில்லை.

"அவ வந்தே ஆகோணும். வந்துட்டா நான் எங்க போறது?" என்றார். முகத்தில் விளையாட்டே இல்லை.

கடைசியில், பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில், ஆட்கள் நிறைந்த கேன்டீனில் எழுதுவதென்று ஏற்பாடு. நான் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். கை கழுவக்கூட எழுந்து போகக் கூடாது. ஒரு வரி எழுதுவார், திரும்பிப் பார்ப்பார். ரசம் ஊற்ற வந்தவர் பின்னாலிருந்து "போதுங்களா?" என்று கேட்டதற்கு, நோட்டோடு பெஞ்சிலிருந்து விழுந்தார்.

பயம் ஏற ஏற, பேயின் மரியாதையும் ஏறியது. முதலில் "உன் ரத்தத்தைக் குடிப்பேன்" என்று கத்தியவள், திருத்தி எழுதியபோது "உங்க ரத்தம் கொஞ்சம் கெடைக்குங்களா?" என்று கேட்டாள். அடுத்த தடவை தண்ணீரே போதும் என்றுவிட்டாள். அச்சுக்குப் போனபோது, நடுங்கி நிற்கும் கதாநாயகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பயப்படாதீங்க. நான் இங்கதானுங்க இருக்கறேன்" என்றாள்.

"இதுக்கு யாருங்கண்ணா பயப்படுவாங்க?"

"நான் பயந்துட்டுத்தான இருக்கறேன்" என்றார்.

அட்டைப்படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது, பம்பு டெஸ்ட் பண்ணும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். திறந்து பார்த்தார். போன் தொட்டிக்குள் போனது. பேய் இருந்த இடத்தில் ஒரு தென்னை மரத்தைப் போட்டோம். புத்தகத்தை வாங்கியவர்கள் எல்லாம் எங்கள் கம்பெனி ஆட்கள்தான். "பேய் நல்ல குடும்பத்துப் புள்ளையாட்ட இருக்குதுங்க" என்று வாட்ச்மேன் விமர்சனம் சொன்னார். அண்ணனுக்கு அதிலும் சந்தோஷம்தான். அட்டையில் பெயர் வந்துவிட்டதே.

போன வருஷம் எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி. ஆபரேஷன் என்றார்கள். அண்ணன் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. சொந்தத் தம்பி படுத்திருந்தபோதே, ஆஸ்பத்திரிக்கு எதிர் ரோட்டில் நின்று போனில் விசாரித்துவிட்டுப் போனவர் அவர். கூட இருந்த அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலில் தனியாகக் கிடந்தேன். பயத்தில் கால் இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தன.

கதவு திறந்தது. பேயண்ணன். என்னைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பயப்படாத அம்மணி. நான் இங்கதான் இருக்கறேன்."

ஸ்ட்ரெச்சர் வரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. என் பயம் போகவில்லைதான். ஆனால் பயப்பட நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.